முதுகில் ஒரு மைனஸ்

திருப்பூரில் பிறந்தவன் பனியனைக் காசு கொடுத்து வாங்கினால் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் பனியன் கடையிலிருந்து வருவதில்லை, ரிஜெக்டிலிருந்து வருகிறது. ஜெர்மனிக்குப் போக வேண்டியதில் கை கோணிவிட்டால் சித்தப்பாவுக்கு. பிரான்சுக்குப் போக வேண்டியதில் கழுத்து இழுத்துவிட்டால் எனக்கு. அப்பா வீரபாண்டியில் பனியனுக்கு பிரிண்ட் அடிக்கும் யூனிட் வைத்திருப்பதால், சின்ன வயதிலிருந்தே என் மார்பிலோ முதுகிலோ ஏதாவது எழுதியிருக்கும். அது என்ன என்று நான் படித்துப் பார்த்ததே இல்லை. (இட்லி தின்கிறவன் தட்டில் என்ன பூ போட்டிருக்கிறது என்றா பார்க்கிறான்?)

அப்படிப் படிக்காமல் போட்ட ஒரு பனியனால் ஒரு செமஸ்டரையே இழக்கப் பார்த்தேன்.

அப்போது பெருமாநல்லூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. சேர்ந்த அன்றைக்கே விதிமுறைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். வருகைப் பதிவு எத்தனை சதவீதம், இன்டர்னல் மார்க்கை எப்படிப் போடுவார்கள், அரியரை எத்தனை முறை எழுதலாம், தேர்வறையில் எதெல்லாம் குற்றம் என்று எல்லாம் அதில் இருந்தது. நான் அதை லேப்டாப் சூடாகாமல் இருக்க அடியில் வைத்திருந்தேன். அந்த வேலையை அது நன்றாகவே செய்தது.

கணிதத் தேர்வன்று நான்கு நாட்களாக மழை. வீட்டில் ஒரு துணி காயவில்லை. தேர்வுக்கு வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும் என்பது கல்லூரி விதி. அதற்கு உள்ளே போட, அலமாரியின் அடியில் கிடைத்த காய்ந்த பனியன் ஒன்றை இழுத்து மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கோழியாக ஹாலுக்குள் நுழைந்தபோது வினாத்தாள் கொடுத்து முடித்திருந்தார்கள். கண்காணிப்பாளராக இருந்தவர் சிவில் துறைக்குப் புதிதாக வந்த சார். பாக்கெட், உள்ளங்கை, கால்குலேட்டர் மூடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார விட்டார். முதுகைத் தவிர.

எனக்குப் பின் இருக்கையில் ஜெபமலர். கம்ப்யூட்டர் சயன்ஸ், கல்லூரியிலேயே முதல் மதிப்பெண். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த அம்மாவின் ஒரே மகள். அவளோடு நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. (பேச என்ன இருந்தது, அவள் மார்க்கை நான் விசாரிக்கவா, என் மார்க்கை அவள் விசாரிக்கவா?)

ஒரு மணி நேரம் போயிருக்கும். முதுகுக்குப் பின்னால் சார் வந்து நிற்பது தெரிந்தது. நல்லது, நம் எழுத்தை ரசிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழகாக எழுதினேன்.

"எழுந்திரு. திரும்பாத. அப்படியே நில்லு."

நனைந்த வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே போட்டிருந்தது வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அடித்த பனியன். அதன் முதுகு முழுக்கக் கணிதச் சூத்திரங்கள், கறுப்பு மையில், கட்டை எழுத்தில். ஹாலின் கடைசி பெஞ்சிலிருந்துகூடப் படிக்கலாம். நடுநாயகமாக ஃபூரியே தொடர். வினாத்தாளில் பதினாறு மதிப்பெண் கேள்வியும் அதேதான்.

"பின்னாடி இருக்கற பொண்ணுக்கு முதுகுல எழுதிட்டு வந்திருக்கியா?" என்றார் சார். முதன்முதலாகப் பெரிய வேட்டை கிடைத்த சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அச்சு அசலாகப் புத்தகத்தில் உள்ளபடி நடந்தது. என் விடைத்தாளையும் ஜெபாவின் விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு, மீதியை எழுதப் புதிய தாள் கொடுத்தார்கள். கைப்பற்றிய பொருளில் மாணவன் கையெழுத்துப் போட வேண்டுமாம். பனியனைக் கழற்றி, மேஜையில் விரித்து, மார்க்கர் பேனாவால் அதன் ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். துணி இழுத்ததால் கையெழுத்தும் கோணலாக விழுந்தது. அதைக் கவரில் போட்டு சீல் வைத்தார்கள். மறுநாள் பெற்றோரோடு விசாரணைக்கு வர வேண்டும். குற்றம் உறுதியானால் அந்த செமஸ்டரில் இருவரும் எழுதிய எல்லாத் தாளும் ரத்து. ஜெபாவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கட்டணச் சலுகையும் போகும். என் செமஸ்டர் போனால் எங்கள் தெருவே இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிடும். அவள் செமஸ்டர் போனால் படிப்பே நின்றுவிடும் என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை.

விசாரணைக் குழுவின் தலைவர் கணிதத் துறைத் தலைவர் சுபத்ரா மேடம். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் சிவில் சார். எதிரே நான், அப்பா, ஜெபா, ஒரு ஷிஃப்டை விட்டுவிட்டு வந்திருந்த அவள் அம்மா. மேடம் கவரைப் பிரித்துப் பனியனை மேஜையில் விரித்தார்.

அதைப் பார்த்ததும் அப்பாவின் கை தன்னால் அதன்மேல் போய்விட்டது. பிரிண்டைக் கட்டைவிரலால் தேய்த்தார், இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"ஒரு கிராக் உழுகலைங்க. மூணு வருசம் தொவைச்சிருக்குதுங்க."

"இது நீங்க அடிச்சதா?" என்றார் மேடம்.

"ஆமாங்க மேடம். மூவாயிரம் பீஸ் அடிச்சோமுங்க."

சிவில் சாரின் பேனா நின்றுவிட்டது. "மூவாயிரமா? யார் யாருக்குக் குடுத்தீங்க?"

"சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் குடுத்துட்டேனுங்க. இன்னும் ரெண்டு மூட்டை ஊட்டுல கெடக்குது. உங்களுக்கு வேணுமுங்களா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேடம் மட்டும் அசையவில்லை. என் லேப்டாப்புக்கு அடியில் கிடக்கும் அதே புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தில் விரல் வைத்தார்.

"இதுல மூணு கேள்வி இருக்கு. எழுதின பொருள் கூட இருந்துச்சா? அது பாடத்துக்குச் சம்பந்தப்பட்டதா? அதை யாராவது பயன்படுத்தினாங்களா? ஒண்ணொண்ணாப் போவோம். மொத ரெண்டுக்கும் ஆமாம்தான். மூணாவது." ஜெபாவைப் பார்த்தார். "நீ இதைப் படிச்சியாம்மா?"

இல்லை என்று சொல்லிவிடு தாயே என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

"படிச்சேன் மேடம்."

அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"கண்ணுக்கு முன்னாடியே இருக்கும்போது எப்படிப் படிக்காம இருக்க முடியும்? ஆனா அது தப்பால்லா இருக்கு மேடம். பிளஸ் வர வேண்டிய எடத்துல மைனஸ் கெடக்கு."

"அப்போ படிச்சதை ஒத்துக்கறே," என்றார் சிவில் சார்.

"ஆமா சார். படிச்சது நெசந்தான்."

அவ்வளவு பயத்திலும் ஒரு சின்னப் பொய்கூட அவளுக்கு வரவில்லை. அதுவரை அவளை மார்க் எடுக்கிற பெண் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அந்த ஒரு நொடியில் அவள்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை.

மேடம் குனிந்து பனியனைப் பார்த்தார். மைனஸ்தான். "அச்சுல எப்படிங்க தப்பு வந்துச்சு?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா பனியனிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். மூன்று வருடமாக வீட்டிலும் சந்தையிலும் அவர் சொல்லி வந்த கதை வேறு. வெள்ளைக்காரன் கலர் பிடிக்கவில்லை என்று சாக்குச் சொல்லி லாட்டையே தள்ளிவிட்டான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அந்த வெள்ளைக்காரனை அம்மா அன்றுவரை திட்டிக்கொண்டுதான் இருந்தார். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு ஜெபாவின் அம்மாவைப் பார்த்தார்.

"பிளஸ்ல நிக்கற கோடு மை எறங்காம ஸ்கிரீன்ல அடைச்சுப் போச்சுங்க மேடம். படுத்த கோடு மட்டும் உழுந்துது. நான் பாக்காம உட்டுட்டேனுங்க. லாட்டு ரிஜெக்ட் ஆனதே அதனாலதானுங்க, என் தப்பு." என்னைக் கைகாட்டிச் சொன்னார்: "இவனுக்கு அது பிளஸ்னும் தெரியாது, மைனஸ்னும் தெரியாதுங்க."

தொழிலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைக்கிற மனிதர், நான்கு பேர் முன்னால் எனக்காக அந்தப் பெருமையைக் கழற்றி வைத்தார். (கடைசி வரியை மட்டும் விட்டிருக்கலாம்.)

மேடம் இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஜெபாவின் தாளில் பிளஸ். பிறகு என் தாளுக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு இரண்டாம் முறையும் பார்த்தார்.

"பனியன்ல மைனஸ். இந்தப் பொண்ணு பிளஸ். இவன் பெருக்கல் போட்டிருக்கான். யாரும் யாரையும் பாக்கலை."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடம், அதும் பிளஸ்தானுங்க. கொஞ்சம் சாஞ்சிருச்சு."

"வாயை மூடு. அது பெருக்கலாவே இருக்கட்டும். உன்னைக் காப்பாத்தறதே அதுதான்."

அன்றுதான் சுபத்ரா மேடம் சிரித்ததை நான் பார்த்தேன். எச்சரிக்கையோடு இருவரையும் விட்டுவிட்டார்கள். கோபப்படாமல், இரக்கமும் காட்டாமல், புத்தகத்தில் இருந்த மூன்று கேள்வியை வரிசையாகக் கேட்டே அவர் எங்களை வெளியே கொண்டுவந்தார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக லேப்டாப்பைத் தூக்கிவிட்டு அந்தப் புத்தகத்தைத் துடைத்து மேலே வைத்தேன்.

கணிதத்தில் எனக்கு அரியர் விழுந்தது. அரியர் விழுந்ததற்குப் பாயசம் வைத்த ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். "சொந்தமாப் போட்ட அரியரு, அடுத்தவனைப் பாத்துப் போட்டதில்லை" என்று அம்மா பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்பினார். வெள்ளைக்காரனைத் திட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டார். அப்பாவைத் திட்ட ஆரம்பித்தார்.

இப்போது நானும் யூனிட்டில்தான் இருக்கிறேன். புது ஸ்கிரீன் கட்டி முதல் பீஸ் அடித்ததும், அது பூப்படமாக இருந்தாலும் பூனைப்படமாக இருந்தாலும், அப்பா உள்ளேயிருந்து கேட்பார்: "பிளஸ் நிக்குதா?" பிரிண்டில் பிளஸ்ஸே இல்லாவிட்டாலும் "நிக்குதுங்க" என்று சொன்னால்தான் அடுத்த பீஸ்.

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். அவளும் அதே கல்லூரியில்தான் முதலாம் ஆண்டு.

"மாமா, எங்க காலேஜ்ல ஒரு கிறுக்கு ரூல் இருக்குது. உள்பனியன்லகூட எழுத்தோ எண்ணோ குறியோ இருக்கக் கூடாதாம். திருப்பூர்ல அதுக்கு நாங்க எங்க போறது? நேத்து எக்ஸாம் ஹால்ல ஜெபமலர் மேடம் அதைப் படிச்சுட்டு, தானாச் சிரிக்கறாங்க. எந்தப் புண்ணியவானுக்காக மாமா இந்த ரூலைப் போட்டிருப்பாங்க?"

கல்லூரியின் சாதனையாளர் பலகையில் என் பெயர் எங்கும் இல்லை. ஆனால் விதிமுறைப் புத்தகத்தில் ஒரு வரி முழுக்க நான்தான். இதை எப்படிச் சொல்லலாம் என்று நான் கம்பீரமாகத் தொண்டையைச் செருமுவதற்குள், உள்ளேயிருந்து அவள் அப்புச்சியின், அதாவது என் அப்பாவின், குரல் வந்தது.

"உங்க மாமனைத் திரும்பி நிக்கச் சொல்லு கண்ணு. முதுகுல எழுதியிருக்கும்."