ஐயருக்கா, ரேடியேட்டருக்கா?

1938 ஏப்ரல் 20, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்கு ஜெபம். ஏழுக்கு இட்லி, நான்கு. (அன்று என் தங்கை எஸ்தருக்குக் கல்யாணம். இருந்தாலும் நான்குதான்.)

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில், மாலை ஐந்தரைக்கு. ராஜபாளையத்திலிருந்து ஐயரை என் காரில் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஏழு மணிக்கு மேல் சட்டப்படி கல்யாணம் நடத்தக் கூடாது. ஏழு மைலுக்கு முக்கால் மணி ஒதுக்கியிருந்தேன். கார், என்னிடம் வருமுன் மூன்று முதலாளிகளைப் பார்த்தது.

பாதி வழியில் முன்பக்கம் ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் அடியில் பொத்தல். தண்ணீர் ஒழுகித் தீர்ந்திருந்தது. பெரிய மெக்கானிக்போல மூடியைத் திருகினேன். மிச்சமிருந்த துருத் தண்ணீர் பீறிட்டு, ஐயரின் வெள்ளை அங்கி காவியாகிவிட்டது.

"எனக்கு ஞானஸ்நானம் எப்பவோ ஆயிட்டு தம்பி," என்றார்.

அருகே கிணற்றடியில் ஒரு அம்மா குடத்துடன் நின்றார். ஓடினேன்.

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. கார்ல ஐயரு காத்திருக்காரு."

அவர் குடத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஐயருக்கா? நாங்க தொட்ட தண்ணியவா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்யா. அக்கிரகாரத்துல போய்க் கேளுங்க."

"ஐயருக்கு இல்லம்மா, ரேடியேட்டருக்கு!"

"அவிய ஆரு? அவியளும் ஐயருதானா?"

அரை மணி நேரம் விளக்கினேன். (முறைப்படி, இஞ்சினிலிருந்து தொடங்கி.) வெயில் மலைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஐயரே வந்து இரு கைகளையும் குவித்து நின்றார்.

"மொதல்ல எனக்கு ஊத்து தாயி. நான் அந்த ஐயரு இல்ல, வேதக்கோயில் ஐயரு."

"இதை அப்பவே சொல்லக் கூடாதா? எம்புட்டு நேரமா இந்த மனுசன் இஞ்சின், இஞ்சின்னு உயிர எடுக்காரு!"

அந்த அம்மா கொடுத்த துணி சோப்பைப் பிசைந்து பொத்தலை அடைத்தோம். அவருடைய குடத்தையே நிரப்பி வாங்கி ஐயர் மடியில் வைத்துக்கொள்ள, அரை மைலுக்கு ஒருமுறை இறங்கி ஊற்றி, 6.40க்குப் போய்ச் சேர்ந்தோம். அழுது முகம் வீங்கியிருந்த எஸ்தர், காவி அங்கியைக் கண்டதும் சிரித்துவிட்டாள். 6.56க்கு ஐயர் அவர்களைக் கணவன் மனைவி என்று அறிவித்தார்.

இன்றும் நான் எதையாவது விளக்க வாயைத் திறந்தால், எஸ்தரின் பிள்ளைகள், "ஏலே, மாமா இஞ்சின்லருந்து ஆரம்பிச்சுட்டாரு," என்று எழுந்து ஓடுகிறார்கள்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை முதல் வேலையாக, குடத்தைத் துலக்கி, கல்யாண லட்டை நிரப்பி, அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்தே போனேன்.