போனே போதும் என்ற தம்பிக்கு, கேமரா வாங்கிவிட்ட அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை குடும்பக் குழுவில் நீ வரிசையாகப் போட்ட ஒன்பது செய்திகளைப் பார்த்த பிறகு, உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, விரல்களில் தெம்பு ஏராளம் என்று தெரிந்துகொண்டேன். ஆகவே கேட்கவில்லை. குழுவிலேயே பதில் போட எனக்கு இஷ்டமில்லை. அங்கே நான் ஒரு வரி எழுதினால் பதினாறு பேர் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள், ஒருவரும் படிப்பதில்லை. கடிதம் என்றால் உறையைக் கிழிக்கவாவது கொஞ்சம் பாடுபட வேண்டும்.

நீ எழுதியதை உனக்கே ஒருமுறை படித்துக் காட்டுகிறேன். "அக்கா, இந்த வயசுல உனக்கு எதுக்கு டிஎஸ்எல்ஆர்? போனே போதும். அந்த மாதிரி கேமராவுக்கெல்லாம் காலம் முடிஞ்சுபோச்சு, இப்ப எல்லாரும் மிர்ரர்லெஸ்ஸுக்குப் போயிட்டாங்க. ரொம்ப ஆசையா இருந்தா என் பழசு ஒண்ணு பீரோவுல கிடக்கு, அனுப்பறேன், வச்சு விளையாடு."

வச்சு விளையாடு! நீ ஸ்டூடியோ வைத்திருக்கிறாய், கல்யாண மேடைகளில் எல்லோரையும் இடது பக்கம் தள்ளி நிற்கச் சொல்லிச் சம்பாதிக்கிறாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பத்துநாலு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள் நான். நீ மனிதர்களின் சட்டையைப் படம் பிடித்தாய், நான் சட்டைக்கும் தோலுக்கும் உள்ளே இருப்பதைப் பிடித்தேன். இருட்டறையில் கையால் பிலிம் கழுவிய காலத்திலிருந்து கம்ப்யூட்டரில் தட்டிவிடும் காலம் வரை பார்த்தாயிற்று. வெளிச்சம் கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நீ வகுப்பு எடுக்க வேண்டாம். எனக்கு இல்லாமல் போனது வேறொன்று. தெருவில் யாராவது நின்று, "என்னை ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டால் எனக்கு விழிக்கத்தான் தெரியும். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, இவருடைய நுரையீரலைக் காட்டினால் ஒருவேளை தெரியுமோ என்று யோசித்துக்கொண்டே நடப்பேன். ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஆயிரம் ஆயிரம் பேரைப் படம் எடுத்திருக்கிறேன், ஒரு முகம்கூட என்னிடம் இல்லை. இப்போது புரிகிறதா, ஏன் கேமரா என்று? ஏன் டிஎஸ்எல்ஆர் என்றும் கேட்டாயே, அதற்கும் சொல்கிறேன். அந்தக் கேமராவில் கண்ணை வைத்தால் எதிரில் இருக்கும் ஆள் கண்ணாடி வழியாக ஆளாகவே தெரிகிறார். நீ சொல்லும் அந்தக் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ்ஸில் தெரிவது திரை. திரையை நான் பார்த்துச் சலித்தாயிற்று. கண்ணாடி எடுத்துவிட்ட கேமரா உனக்கு, கண்ணாடி உள்ள கேமரா எனக்கு. சண்டை தீர்ந்தது.

தீர்ந்தது என்று நான்தான் நினைத்தேன். உன் அத்தான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். அவர் பல்பு தொழிற்சாலையில் தரம் பார்த்தவர் என்பது உனக்குத் தெரியும். ஒரு பல்பை ஏற்றிவைத்து, அது எப்போது சாகும் என்று எதிரிலேயே உட்கார்ந்து குறித்துக்கொள்வதற்கு முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர். புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கென்றே செய்யப்பட்ட கேமராக்களில் மூன்றைப் பொறுக்கினார். அவற்றின் பெயரெல்லாம் கார் நம்பர் மாதிரி எழுத்தும் எண்ணுமாக இருந்ததால் நாங்களே பெயர் வைத்தோம். கனமாக, கைக்கு வாகாக, பழைய லென்ஸையும் ஏற்றுக்கொள்வது பெரியவன். பின்பக்கத் திரை ஜன்னல் கதவுபோலத் திறந்து எந்தப் பக்கமும் திரும்புவது நடுப்பிள்ளை. சின்னதாக, லேசாக, திரையும் திரும்பாமல், விசேஷம் என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது கடைக்குட்டி. மூன்றுக்கும் நாற்பத்துமூன்று வரிசையில் ஓர் அட்டவணை போட்டார். வரிசைக்குப் பத்து மதிப்பெண். எடை, பேட்டரி, போகஸ் புள்ளி எத்தனை, இருட்டில் எப்படி, வெயிலில் திரை தெரிகிறதா, பொத்தான் விரலுக்கு எட்டுகிறதா எல்லாம் சரிதான். நாற்பத்திரண்டாவது வரிசையில் "விழுந்தால்" என்று எழுதியிருந்தார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் தடவை இருவருமாகக் கடைக்குப் போனோம். அங்கே ஒரு விற்பனையாளர், காதோரம் நரைத்தவர், எந்தக் கேள்விக்கும் மெகாபிக்சல் என்றே ஆரம்பிப்பார். அதனால் அவர் பெயர் மெகாபிக்சல். கேள்வி கேட்பவள் நான், பதில் எல்லாம் உன் அத்தானுக்குப் போகிறது. "சார், மேடத்துக்கு ஆட்டோல போட்டுக் குடுத்துட்டாப் போதும் சார். பட்டனை அமுக்கினா படம். ரொம்ப ஈஸி."

"இங்க பாருங்க," என்றேன். "வெளிச்சம் பத்தலைன்னு ஐஎஸ்ஓவை ஏத்தினா படத்துல பொரிப்பொரியா புள்ளி விழுமே, இந்த மூணுல எது எங்க விழ ஆரம்பிக்கும்?"

அவர் உன் அத்தானைப் பார்த்தார். உன் அத்தான் என்னைப் பார்த்தார். நான் மெகாபிக்சலைப் பார்த்தேன். "உள்ள கேட்டுட்டு வர்றேன் மேடம்" என்று போனவர், நாங்கள் கிளம்பும் வரை வரவே இல்லை.

இரண்டாவது தடவை நடந்தது உன் அத்தானின் கைங்கரியம். ஷட்டர் ஒரு லட்சம் தடவை தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்ததாம். "யாரு எண்ணிப் பாத்தது?" என்று கேட்டார். கேட்ட கையோடு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரியவனைத் தொடர்ந்து படம் எடுக்கும் நிலையில் வைத்து அழுத்த ஆரம்பித்துவிட்டார். இடது கையில் கேமரா, வலது கையில் பேனா, நோட்டில் கோடு கோடாக. நானூற்றுப் பன்னிரண்டில் மேலாளர் ஓடி வந்தார்.

"சார், சார், இது டெமோ பீஸ் சார்!"

"அதனாலதான் இதுல பாக்கறேன். செத்துட்டாலும் நீங்க யாருக்கும் விக்கப்போறதில்லையே."

மேலாளர் கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்தார். உன் அத்தான் அசரவில்லை. நோட்டைப் புரட்டி, நாற்பத்திரண்டாவது வரிசையில் விரல் வைத்து, "சரி, ஒண்ணே ஒண்ணைக் கீழ போட்டுப் பாக்கலாமா? இடுப்பு உயரத்துலேர்ந்து போட்டாப் போதும். தலை உயரத்துலேர்ந்து போடச் சொல்லலை" என்றார், பெரிய சலுகை தருகிற தோரணையில். அதற்கப்புறம் எங்களை மிகவும் மரியாதையாக வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். கதவைத் திறந்துவிட்ட காவலாளி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

மூன்றாவது தடவை நான் தனியாகப் போனேன். உன் அத்தானிடம் சொல்லவில்லை, உன்னிடம் கேட்கவில்லை, குழுவில் வாக்கெடுப்பு வைக்கவில்லை. மெகாபிக்சல் என்னைக் கண்டதும் உள்ளே நழுவப் பார்த்தார். "நில்லுங்க," என்றேன். "மூணையும் எடுத்து மேசையில வைங்க. ஒரே ஆளு, ஒரே நாற்காலி, ஒரே வெளிச்சம். நான் எடுத்துப் பாத்துக்கறேன்." ஒப்பிடுவது என்றால் அதுதானே ஒப்பிடுவது? அவரையே நாற்காலியில் உட்கார வைத்தேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன். முப்பத்துநாலு வருஷப் பழக்கம், வாய் தானாகப் பேசிவிட்டது. "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

என் குரல் உனக்குத் தெரியும். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கல்லாவில் இருந்த பெண், டிரைபாட் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி, உள்ளே இருந்து எட்டிப்பார்த்த மேலாளர் உட்பட ஒருவரும் அசையவில்லை. நானோ போகஸ் வட்டத்தைத் திருப்பிக்கொண்டு, "விடுங்க" என்று சொல்ல மறந்துபோனேன். மெகாபிக்சல் சிவந்து, பிறகு ஒரு மாதிரி நீலமாகி, "மேடம்..." என்று இருமியபடி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி அந்த நாற்காலிக்கு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

"நான் உக்காரட்டுமாம்மா?" என்றார் வாசல் காவலாளி.

அறுபதைத் தொட்ட மனிதர். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தேன். படத்தில் கண் பாதி மூடி, தாடை இறுகி, போலீஸ் தேடும் ஆளைப்போல இருந்தார். "எங்க எடுத்தாலும் எனக்கு இப்படித்தான் வருது. என் மூஞ்சி அப்படிம்மா" என்றார். ஏதோ நாள்பட்ட வியாதியைச் சொல்வதுபோல.

பெரியவனை எடுத்தேன். அது அடிக்கிற படார் சத்தத்தில் மனிதர் விறைத்துப்போய் சல்யூட் வைத்துவிட்டார். நடுப்பிள்ளையை எடுத்தேன். மெகாபிக்சல் குறுக்கே வந்து, திரையை அவர் பக்கம் திருப்பி, "தன்னைத் தானே பாத்துக்கலாம்" என்று பெருமையடித்தார். காவலாளி தன்னைப் பார்த்துக்கொண்டார், தொப்பியைச் சரிசெய்தார், மீசையைத் தடவினார், மறுபடி தொப்பி. என்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அப்புறம் கடைக்குட்டி. அது என் கையில் இருப்பதே தெரியாத அளவு சின்னது, என் முகத்தில் பாதியைக்கூட மறைக்கவில்லை. "இழுங்க. பிடிங்க" என்றேன். எடுத்தேன். தேடப்படும் ஆளேதான். சரி, போகட்டும் என்று, "விடுங்க" என்றேன்.

தம்பி, அவர் விட்டார். தோள் இறங்கியது, தாடை இளகியது, இதற்குப் போய் இத்தனை பாடா என்று கண்ணில் ஒரு சிரிப்பு வந்தது. என் விரல் அதற்குள் அழுத்தியிருந்தது.

வாழ்நாளெல்லாம் மூச்சைப் பிடித்திருந்தபோதே பொத்தானை அழுத்தியிருக்கிறேன். "விடுங்க" என்று சொன்னதும் அடுத்தவரைக் கூப்பிடத் திரும்பிவிடுவேன். முகம் வருவதே அதற்குப் பிறகுதான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நீயும்தான் சொன்னதில்லை, இத்தனை கல்யாணம் எடுத்தும்.

அந்த இடத்திலேயே அச்சுப் போட்டுத் தரச் சொன்னேன். காவலாளி வாங்கி, தூரமாக வைத்துப் பார்த்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்து, "இது நானாம்மா?" என்றார். பிறகு அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள், கம்பெனி ஒட்டிய படத்தை மறைத்து, இதைச் செருகிக்கொண்டார். மேலாளர் பார்த்தார். கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதைக் குடுங்க" என்று கடைக்குட்டியைக் காட்டினேன்.

"மேடம், அது காலேஜ் பசங்க வாங்கறது. கொஞ்சம் மேல போனீங்கன்னா..."

"மேல போறதுக்கு நேரம் இருக்கு. இப்போதைக்கு இதைக் கட்டுங்க."

வீட்டில் உன் அத்தான் பெட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். அவர் கணக்குப்படி கடைக்குட்டிக்கு மூன்றாவது இடம், முதலாவதைவிடப் பத்தொன்பது மதிப்பெண் குறைவு. நான் அந்தப் படத்தின் இன்னொரு பிரதியை நோட்டின் மேல் வைத்தேன். "சிரிப்புன்னு ஒரு வரிசை போட்டீங்களா?" என்றேன். படத்தை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அடிக்கோலை எடுத்து, நாற்பத்துநாலாவதாக ஒரு கோடு போட்டு, "பத்துக்கு எத்தனை?" என்றார்.

"மத்த ரெண்டுக்கும் முட்டை. இதுக்குப் பத்து."

கூட்டிப் பார்த்தார். "அப்பவும் ஒம்பது குறையுதே" என்றார், உண்மையான கவலையோடு.

"அந்த ஒம்பதை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஆகவே தம்பி, உனக்குச் சொல்லிக்கொள்வது. உன் பழைய கேமராவை அனுப்பாதே, வந்தால் வந்த வழியே திரும்பும். எனக்குப் பாடம் எடுக்க நேரில் வராதே. போனே போதும் என்று இனி ஒரு வார்த்தை வந்தால், நீ ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடப் போட்டோவுக்குப் பயந்து மேசைக்கடியில் ஒளிந்த கதையைக் குழுவில் போட்டுவிடுவேன், கட்டைவிரல் எத்தனை விழுகிறது என்று எண்ணிக்கொள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டாயே, இந்த வயதில்தான். கேட்டு வாங்கவில்லை, கெஞ்சி வாங்கவில்லை, தேடி, ஒப்பிட்டு, என் கண்ணால் பார்த்து வாங்கினேன். யார் தயவும் எனக்கு வேண்டியதில்லை, உன் தயவு அறவே வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பு, அவளுக்கு இந்தக் கடிதத்தைக் கட்டாயம் படிக்கக் கொடு. பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, உன்னைப்போல் அல்லாமல் நன்றாக இருக்கட்டும். நீயும் தீர்க்காயுசாக இரு, நான் எடுக்கப்போகும் படங்களை எல்லாம் பார்த்து வயிறெரிய ஆயுள் வேண்டுமே.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கேமராவோடு கழுத்தில் மாட்ட ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். அதை இந்த வளையத்துக்குள் விட்டு, அந்தக் கொக்கிக்குள் திருப்பி, மறுபடி எங்கோ நுழைக்க வேண்டுமாம். நான்கு நாளாக நானும் உன் அத்தானும் மாறி மாறி நுழைத்துப் பார்க்கிறோம், ஒவ்வொரு தடவையும் ஒரு நுனி மிச்சம் நிற்கிறது. பட்டை இல்லாமல் வெளியே எடுத்துப்போகப் பயமாக இருக்கிறது, கேமரா பெட்டியிலேயே கிடக்கிறது. வருகிற ஞாயிறு காலை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு. கடைக்காரரிடம் கேட்க முடியாது, உனக்கே தெரியும். வந்து மாட்டிவிட்டு உடனே ஓடிவிடாதே, ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். நம் வீட்டுப் படம் அத்தனையும் எடுத்தவன் நீ, அதனால் ஒன்றிலும் நீ இல்லை. நேற்று ஆல்பம் முழுக்கத் தேடினேன். என்னிடம் உன் படம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான், மேடையிலிருந்து விழுந்தாயே, அன்றைக்கு நான் எடுத்த வலது முழங்கால். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.