மூக்கர் திறந்த ரெக்கீலா

ரொறன்ரோவில் குடிக்கத் தெரிந்த தமிழர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் விழுங்குகிறவர்கள். இது மூக்கரின் கணிப்பு. அந்த ஒருவர் யார் என்று அவர் சொன்னதில்லை.

ரெக்ஸ்டேலில் அவர் வீட்டு பேஸ்மெண்டுக்கு ரெக்கீலாச் சாராயம் ருசிக்கப் போனால், முதலில் அவர் நம்மை மணந்து பார்ப்பார்.

"சென்ற் அடிச்சுக்கொண்டு வந்தனீரோ? கழுத்தைக் கழுவிப்போட்டு வாரும்."

நான் பனிக்காலத்திலும் கழுவியிருக்கிறேன்.

அவருடைய ரெக்கீலா மெக்சிக்கோவில் நீலக் கற்றாழையைக் கல் அடுப்பில் வேகவைத்து, கல் உருளையால் நசுக்கி வடித்தது; ஓக் பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடந்தது. தேன் நிறம். கிளாஸை மூக்கடியில் பிடித்தால் முதலில் சுட்ட வத்தாளங்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, மணக்கும், பிறகு பனங்கட்டி. மூன்றாவதாக ஒரு மணம் வருமாம். அது வரும்வரை ஒருவரும் கதைக்கக்கூடாது. மட்டன் ரோல்ஸ் மேல்மாடியில் சிறையிருக்கும்.

ஒருவர் தொட்டுக்கொள்ள உப்பும் பிழிந்துவிடத் தேசிக்காயும் கேட்டார். "கிச்சினுக்குப் போம். அங்கை மீன் கிடக்கு" என்றார் மூக்கர். கோக் கலந்த சொந்த மச்சானைக் கிளாஸோடு வெளியே அனுப்பினார். இன்றுவரை இருவருக்கும் பேச்சில்லை.

இந்தக் கதை றிச்மண்ட் ஹில் வரை போய்விட்டது. மூக்கரின் மகள் சுபா விரும்பிய பெடியனின் தகப்பன் அங்கேதான் இருந்தார். சண்டைக்காரன் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்பது அவர் எண்ணம். மகனின் கெஞ்சலுக்காக ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்ல வந்தார். மூக்கர் துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்.

பேஸ்மெண்டுக்கு இறங்கும் படியில் வைத்து சுபா மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, பிளீஸ். இண்டைக்கு மட்டும் வாயைத் திறக்காதேங்கோ."

மூக்கர் இருப்பதில் மிகப் பழையதைத் திறந்தார். எங்கள் மூன்று பேருக்கும் ஊற்றினார். வந்தவர் கிளாஸை வாங்கினார். மணக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த கோக் போத்தலை எட்டி எடுத்தார்.

மூக்கரின் கை அந்தப் போத்தலின் கழுத்தைப் பிடித்தது. நான் என் கிளாஸை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"என்ன, ஏதும் பிழையோ?" என்றார் வந்தவர்.

மூக்கர் சுபா நின்ற படியை ஒருமுறை பார்த்தார்.

"இல்லை. போத்தில் பாரம். விடுங்கோ, நான் ஊத்திறன்."

விளிம்புவரை ஊற்றினார். பிறகு தன் கிளாஸிலும் ஊற்றினார். "நீங்கள் தனியக் குடிக்கிறதோ, சம்மந்தி?"

வந்தவர் ஒரே மடக்கில் முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தங்கமான மனிசன். ஆக்கள் சும்மா கதைக்கினம்."

கல்யாணம் நன்றாக நடந்தது. பெண் வீட்டில் சீதனமாக எதுவும் கொடுக்கவில்லை என்று இப்போதும் எல்லோரும் சொல்கிறார்கள். மூக்கர் கொடுத்தார். தன் கிளாஸில் அவர் கோக் ஊற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.