டுபாக்கூர் அண்ணனுக்கு வந்த அசல் மெயில்

எமதர்மனே மெயில் அனுப்பினாலும், அனுப்பிய முகவரியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "டுபாக்கூர்டா" என்று ஒதுக்கித் தள்ளக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பாகூர்த் தெருவில் இருந்தார். அதனாலேயே அவருக்கு டுபாக்கூர் அண்ணன் என்று பெயர்.

பிறவியிலேயே அப்படி இல்லை. கரும்பு போட்டுக்கொண்டு, டிராக்டரை வாடகைக்கு விட்டுக்கொண்டு, கண்டதையும் நம்பிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார். ஒருநாள், 'உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது. உடனே பாஸ்வேர்டு தராவிட்டால் மூடிவிடுவோம்' என்று மெயில் வந்தது. அண்ணன் பதறிப்போய்க் கொடுத்துவிட்டார். மறுநாள் அவர் பெயரில் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் மெயில் போனது: 'ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறேன். உடனே உதவவும்.'

வில்லியனூரிலிருந்து அவர் தங்கச்சி தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தது. அண்ணன் அப்போது டிராக்டருக்கு அடியில் படுத்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலை மட்டும் பார்த்த தங்கச்சி, "ஐயோ, எங்கண்ணன் போயிட்டானே!" என்று மாரில் அடித்துக்கொண்டது.

"யாருடி செத்தது?" என்று டிராக்டர் கேட்டது.

அன்றிலிருந்து தெருவில் யாருக்கு மெயில் வந்தாலும் அண்ணனிடம் காட்டாமல் திறக்க முடியாது. "எதையும் அமுக்காதீங்கடா! மொதல்ல அட்ரஸப் பாரு. பேங்குன்னு பேரு போட்டுக்கினு, உள்ள இன்னா கண்றாவி எழுத்து பாரு. 'உடனே'ன்னு அவசரப்படுத்துறானா, திருடன். பாஸ்வேர்டு கேக்குறானா, பெரிய திருடன்!"

கல்யாணப் பத்திரிகை மெயிலில் வந்தாலும் விடமாட்டார். பெண்ணின் அப்பாவுக்கே போன் போடுவார். "உன் பொண்ணுக்குக் கல்யாணமாமே, நெஜமாவா?"

"மெதுவாப் பேசுண்ணே, மாப்ள வூட்டுக்காரங்க பக்கத்துலதான் கீறாங்க!"

சிரித்தோம். ஆனால் எங்கள் தெருவில் அதற்கப்புறம் யாரும் ஏமாறவில்லை.

பெலிக்ஸ் அவருடைய பள்ளிக்கூட சிநேகிதர். சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போனவர். ஏதோ ஒரு வாய்ச்சண்டையில் பேச்சு நின்றுபோய் வருஷக்கணக்காகியிருந்தது. ஒரு காலை அண்ணன் என்னைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் காட்டினார். முன்பின் தெரியாத முகவரி. 'நான் பெலிக்ஸ். ஊருக்கு வந்த இடத்தில் முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். உன்னைப் பார்க்கணும், உடனே வா. இது புது நம்பர், இதில் கூப்பிடு.'

"பாத்தியா, எம்மாம் தெளிவா வலை போடுறான்! என் பேர்ல போட்ட அதே ஆஸ்பத்திரி, அதே 'உடனே'. எங்கிட்டயேவா?" என்று சிரித்தபடி அழித்தார். தெரு முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சு.

சில வாரம் கழித்து பெலிக்ஸின் அக்கா வந்தார். பக்கத்து ஊர்தான். அடக்கம் முடிந்திருந்தது.

"தம்பி, ஒரு மெயில் போட்டானே, பாக்கலியா? நெர்ஸ் பொண்ணுகிட்ட சொல்லி, அது மெயில்லேர்ந்து அனுப்பச் சொன்னான். கதவு தொறக்குற நேரமெல்லாம் எட்டி எட்டிப் பாத்துக்கினே இருந்தான்."

அண்ணன் தன் போனை எடுத்துத் தேடினார். அந்த அக்காவின் நம்பர் அவர் போனிலேயே இருந்தது.

அதன் பிறகு அவர் 'டுபாக்கூர்' என்று சொல்லிக் கேட்டதில்லை. யாராவது மெயிலைக் கொண்டுவந்து காட்டினால், "அமுக்காத. அதுல கீற நம்பருக்கும் பேசாத. ஆனா அழிச்சிட்டு சும்மா இருந்துடாதடா. அந்த ஆளோட நம்பரு உன்கிட்டயே இருக்குமே, அதுல கேளு. இல்லாட்டி அவங்க வூட்டாளுங்களக் கேளு" என்பார். சொல்லி முடிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

நான் சென்னைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவருக்கு ஒரு வாழ்த்து மெயில் அனுப்புவேன். அடுத்த நிமிஷம் போன் அடிக்கும்.

"டேய், மெயில் ஒண்ணு வந்துகீது. நீதான் போட்டியா?"

"நான்தாண்ணே."

"ஒடம்பு நல்லாகீதா?"

"நல்லாருக்கேண்ணே."

"ம்… அப்ப சரி."

அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் சட்டென்று வைக்கமாட்டார். அவர் வைக்கிறவரை நானும் வைப்பதில்லை.