கையைத் தூக்கினேன், கல் விழுந்தது

நான் தைரியசாலி இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எழுபது வயது ஆகவேண்டியிருந்தது. என் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும்.

மலாய் நாட்டுக் காடுகளில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அவசரகாலம். அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. (பிரட்டில், அதாவது விடிகாலை ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிடுகிற ஆள்தான், நடை மட்டும் துரை நடை.) கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் இடுப்பில் பிடித்தது வலி. சிறுநீரகத்திலிருந்து இறங்கிய கல் பாதி வழியில் மாட்டிக்கொண்டதாம். அந்தக் காலத்தில் கல் என்றால் விலாவிலிருந்து இடுப்புவரை கிழிப்பார்கள். கிழித்துத் தைத்த மாப்பிள்ளைக்கு எவன் பெண் கொடுப்பான்? வருங்கால மாமனாரிடம், "ஆபீஸ் வேலையா டவுனுக்குப் போறேன் மாமா" என்று புளுகிவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தேன்.

அங்கே ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். "பயப்பிடாதையும் தம்பி. வெட்டாமலே எடுக்கலாம்" என்றார். சொன்னபடி செய்தார் அந்த மகராசன். சிறுநீர் வருகிற வழியாகவே விளக்கு வைத்த குழாயை விட்டு, அதன் வழியே நைலான் நூல் கோத்த மெல்லிய குழாயொன்றைக் கல்லுக்கு மேலே அனுப்பி, நூலை இழுத்து வளையமாக்கிக் கல்லைச் சுருக்கில் மாட்டிவிட்டார். எக்ஸ்ரே படத்தையும் தன் விரல்களையும் மட்டும் நம்பி! இன்றைக்கு நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வெளியே நீட்டியிருந்த நுனியில் ஒரு சின்ன இரும்புக் குண்டைக் கட்டினார். அதன் கனம் கல்லை மெல்ல இறக்குமாம். "நல்லாத் தண்ணி குடியும், நடவும். குண்டைக் கையில மட்டும் பிடியாதையும்."

நான் பிடித்தேன். (தொங்கவிட்டுப் பாருங்கள், தெரியும்.) டாக்டர் தலை மறைந்ததும் குண்டு என் உள்ளங்கைக்கு வந்துவிடும். பிறகு கல் எப்படி இறங்கும்? நான்காம் நாள் அவர் நர்சிடம், "நாளைக்கும் கல் வரேல்லையெண்டால் வெட்டித் திறக்கத்தான் வேணும்" என்றார்.

பத்தே நிமிடத்தில் நான் ரோட்டில் இருந்தேன். ஒரு கையில் இடுப்புச் சாரோங்கின் முடிச்சு, மறுகையில் குண்டு. அடையாள அட்டை சட்டைப் பையில், சட்டை வார்டில்.

முச்சந்தியில் ரோட்பிளாக். பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்த மலாய் போலீஸ்காரர் என் பக்கம் துப்பாக்கியைத் திருப்பி, "அங்காட் தாங்ஙான்!" என்றார். கையைத் தூக்கு!

தூக்கினால் மானம் போகும், தூக்காவிட்டால் உயிர் போகும். இரண்டு கையையும் தூக்கினேன்.

சாரோங் விழுந்தது. குண்டும் விழுந்தது, குழாயோடு, வளையத்தோடு, கல்லோடு. நான் போட்ட கூச்சலில் போலீஸ்காரர் "போம்!", வெடிகுண்டு என்று கத்திக்கொண்டு தரையில் படுத்தார். பஸ் ஆட்களும் படுத்தார்கள். ஒருவர் மட்டும் நடந்துவந்து, தோள் துண்டை உதறி என் இடுப்பில் சுற்றினார்.

"மாப்ள, இதான் ஆபீஸ் வேலையா?"

மாமாவேதான். என்னை ஆஸ்பத்திரிக்குத் தாங்கிக்கொண்டு போனார். டாக்டர் என்னைச் சோதித்துவிட்டு, கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விசர்ப் பிள்ளை! உள்ள கிழிஞ்சிருந்தால் என்ன செய்திருப்பீர்? நடக்கத்தானே சொன்னனான், ஓடவே சொன்னனான்?"

மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வெட்டுனீங்களா டாக்டர்?"

"ஒரு கீறலும் இல்லை."

"அப்ப சொன்ன தேதியிலயே வச்சுக்கலாம்லா."

போன வருடம் என் மகனுக்கும் கல். (பரம்பரைச் சொத்து.) ஆயர் குரோ பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா, கேமரா, லேசர், மறுநாளே வீடு என்று அழகாக விளக்கினார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எல்லாம் சரிம்மா. துப்பாக்கிக்காரரு எத்தன மணிக்கு வருவாரு?"