வட்டம் போட்ட புல்லட்

ஆம்பூரில் இவர் கண்ணுக்குத் தப்பிய தோல் ஒன்றுகூடக் கிடையாது. தோல் என்ன, தோலுக்குச் சொந்தமான மாடே நேரில் வந்து நின்றாலும், "கழுத்துல உண்ணி கடிச்ச தழும்பு இருக்கு, கெளம்பு" என்று திருப்பி அனுப்பியிருப்பார். எங்கள் தோல் ஃபேக்டரியில் செலக்ஷன் மாஸ்டர். தோலை மேஜைமேல் விரித்து, குறை இருக்கிற இடத்தைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுவதுதான் வேலை. எங்களுக்கெல்லாம் அவர் ரிஜெக்ட் அண்ணன்.

சாக்பீஸ் சட்டைப்பையிலேயே வீட்டுக்கும் போகும். கேன்டீனில் இட்லியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்.

"இன்னாண்ணே, இட்லியிலயும் உண்ணியா?"

"ஓரம் சரியா வரலடா."

பிரியாணியில் அரிசி உடைந்திருந்தால் சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுவார். மாஸ்டர் கரண்டியோடு வந்த அன்றைக்கு மட்டும் பேசாமல் சாப்பிட்டுவிட்டார்.

பொண்ணு பார்த்ததும் இப்படித்தான். ஒருத்திக்குச் சிரிப்பு ஜாஸ்தி, இன்னொருத்திக்குக் கம்மி. நாற்பது தாண்டியும் ஒண்டிக்கட்டை. கடைசியில் தரகர் ஒரு போட்டோவை நீட்டி, "திருப்பத்தூர் பொண்ணு, பேர் கலா. ஷூ ஃபேக்டரியில சூப்பர்வைசர். இதையும் தட்டிட்டீங்கன்னா என் நம்பரை அழிச்சிடுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டார்.

போட்டோவைப் பார்த்ததும் அண்ணன் கவிழ்ந்துவிட்டார். கூடவே வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பயமும் வந்தது: அந்தம்மா தன்னை ரிஜெக்ட் பண்ணிட்டா?

பஸ்ஸில் போய் இறங்கினால் மதிப்பில்லை என்று, லாங் பஜாரில் மூட்டை சுமந்துகொண்டிருந்த ஒரு கிழட்டு புல்லட்டை வாங்கினார். துரு, சொட்டை, கீறல் என்று ஒன்று விடாமல் வட்டம் போட்டு, மெக்கானிக் பஷீர் பாயிடம் விட்டார்.

"குறிச்சிருக்கேன் பாய், பார்த்துக்குங்க."

"பேஜாராவாதே தோஸ்த். நானும் ஷூ ஃபேக்டரி கட்டிங்ல இருந்தவன்தான்."

பொண்ணு பார்க்கிற அன்று காலையில்தான் வண்டி கிடைத்தது. நானும் கூடப் போயிருந்தேன். பளபளவென்று பச்சை பெயிண்ட். நடுநடுவே வட்டம் வட்டமாக அதே துரு, அதே சொட்டை. சிறுத்தைக்கு அம்மை போட்டது மாதிரி நின்றது.

"பாய்! இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நீதானே வட்டம் போட்டே? கட்டிங்ல வட்டம்னா அதைத் தொடாதே, மத்த இடத்துல வெட்டுன்னு அர்த்தம். ஒவ்வொண்ணுக்கும் பேப்பர் ஒட்டிப் பதனமா அடிச்சிருக்கேன். இஞ்சினைக் கேளு, ராஜா!"

இஞ்சின் ராஜாதான். நல்ல நேரம் தாண்டிக்கொண்டிருந்தது, வேறு வழியில்லை. டேங்கில் இருந்த பெரிய சொட்டையை முழங்காலால் மறைத்தபடியே திருப்பத்தூர் வரைக்கும் ஓட்டினார். பின்னால் நான்.

காபிக்கு முன்னாலேயே கலா வாசலுக்கு வந்துவிட்டார். சூப்பர்வைசர் இல்லையா, வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"இது?"

"மூட்டை விழுந்த சொட்டைங்க."

"இது?"

"தெரியலைங்க. நான் வாங்கும்போதே இருந்தது."

கலா சிரித்துவிட்டார். "எல்லாத்தையும் மூடி மறைச்சிக் கொண்டாந்திருந்தா, உள்ள இன்னா இருக்கோன்னு பயந்திருப்பேன்." பிறகு சிரிப்பை நிறுத்தி, முழங்கையைத் திருப்பிக் காட்டினார். நீளமாக ஒரு தழும்பு. "மெஷின்ல சுட்டது. உங்களைப் பத்தி தரகர் எல்லாம் சொன்னாரு. சாக்பீஸ் எடுக்கலையா?"

அண்ணனின் கை சட்டைப்பைக்குள் போனது. சாக்பீஸை வெளியே எடுத்தார். எடுத்து, அந்தம்மா கையிலேயே கொடுத்துவிட்டார்.

"பாஸ்" என்றார்.

ரிஜெக்டுக்குப் பதிலாக அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். கலா குனிந்து, டேங்கில் இருந்த பெரிய சொட்டையைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டார். "இதை யாரும் தொடக்கூடாது."

கல்யாணமாகி அண்ணன் திருப்பத்தூருக்கே போய்விட்டார். "மிச்சத்துக்கும் பெயிண்ட் அடிச்சித் தர்றேன், காசே வேணாம்" என்று பஷீர் பாய் கெஞ்சியும் கேட்கவில்லை. அந்தச் சிறுத்தையில்தான் ரெண்டு பேரும் அமிர்தி அருவிக்குப் போய் வருகிறார்களாம்.

அண்ணன் ஃபேக்டரியை விட்டுக் கிளம்பிய அன்று சாயங்காலம் வண்டி ஸ்டாண்டுக்குப் போனால், தட்டி நிமிர்த்தலாம் என்று நான் வைத்திருந்த என் ஸ்கூட்டர் மட்கார்டின் சொட்டையைச் சுற்றி ஒரு சாக்பீஸ் வட்டம்.

முதல் மழையிலேயே கரைந்துவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் நானே வரைந்துகொள்கிறேன். அவர் போட்ட மாதிரி அவ்வளவு வட்டமாக வருவதில்லை.