விழாதவர்களுக்குப் புளிசோறு

1948 ஜூலையில் நான் எழுதிவைத்த ஒரு குறிப்பு: ‘இன்று ஒன்மோர் மாஸ்டர் தபால்காரரை வாசலுக்குத் திருப்பி அனுப்பினார். காரணம், அவர் உள்ளே வந்த விதத்தில் உயிர் இல்லை.’

சென்னை ராஜதானியிலேயே அவரைப்போல் ஒரு கோபக்காரர் இருந்ததில்லை. கோழிக்கோட்டுக்காரர், ஒரு சினிமாக் கம்பெனியில் டைரக்டர். மயிலாப்பூர் லாட்ஜில் என் அறையில் பாதி அவருடையது. சத்தத்தில் முழுவதும் அவருடையது. எடுத்த காட்சியையே திரும்ப எடுக்க ‘ஒன்மோர்’ என்று கத்துவது அவர் தொழில். அதை அவர் ஸ்டூடியோவோடு விட்டுவிடவில்லை.

மெஸ்ஸில் பரிமாறும் சீமா காபியை வைத்துவிட்டுத் திரும்புவார்.

“ஒன்மோர்!”

“என்ன ஸார்? காபிதானே வச்சேன்?”

“எந்தா இது? காபி வைக்கிற முகமா? கருமாதிக்கு வந்த முகம்! எடுத்துட்டுப் போய்த் திரும்ப வா.”

சீமா போய்த் திரும்ப வருவார். அதற்குள் காபி ஆறியிருக்கும். அதற்கும் மாஸ்டர் கோபிப்பார்.

அப்போது அவர் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு மலையாளப் படம். நாற்பத்திரண்டு கிளர்ச்சியில் ஒரு பள்ளிப் பையன் ஆளாகும் கதை. அதில் ஒரே ஒரு காட்சிக்காகத்தான் அவர் உயிரோடிருந்தார் என்று சொல்லலாம்: ஊர்வலத்தின்மேல் தடியடி, ஆனால் ஒருவரும் விழுவதில்லை.

மலபார் கடற்கரைக்குப் பதில் சாந்தோம் மணல். ஊர்வலத்துக்குப் பட்டினப்பாக்கம் மீனவர்கள். போலீஸுக்கு அவர்களுடைய மச்சான்கள். ஞாயிற்றுக்கிழமையாதலால் நானும் போயிருந்தேன். காமிரா ஓடியது. தடியை ஓங்கினார்கள். அடி விழும் முன்பே ஊர்வலம் முழுவதும் மணலில் படுத்துவிட்டது. ஒரு கிழவர் இடம் பார்த்து, துண்டை விரித்துப் படுத்தார்.

“ஒன்மோர்!”

மறுபடியும் படுத்தார்கள். மூன்றாம் தடவை இன்னும் சீக்கிரமாகப் படுத்தார்கள்.

“எடா! ஆரு உங்களை விழச் சொன்னது?”

கூட்டத்தைச் சேர்த்து வந்தவள், மீன் விற்கும் அஞ்சலை, புடவையில் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

“இன்னா நைனா, சும்மா கத்திக்கினு கீற? வியுந்தவனுக்குப் பிரியாணி, நின்னவனுக்குப் புளிசோறு. எல்லாக் கம்பெனிலயும் இதான் வயக்கம். புளிசோறு துன்றதுக்கா எங்க பசங்க வெயில்ல வந்து கெடக்குறானுங்க?”

மாஸ்டர் கத்தாமல் சொன்னார்:

“நாற்பத்திரண்டுல அந்த ஊர்வலத்துல நானும் போனேன், அம்மா. பக்கத்துல என் கூட்டாளி. அவன் விழவே இல்லை. அடிச்சவன் கை ஓய்ஞ்ச பின்னாலதான் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கலை.”

அஞ்சலை கொண்டையை இறுக்கி முடிந்தாள். “டேய்! இன்னிக்கு அல்லாருக்கும் புளிசோறுதான். எவனாச்சும் வியுந்தீங்க, போலீஸு வுட்டாலும் நான் வுடமாட்டேன்.”

நான்காம் தடவை ஒருவரும் விழவில்லை. எதிரே இருந்த முகங்களைப் பார்த்து மச்சான்கள் நிஜமாகவே பயந்து, ஓங்கிய தடியோடு பின்வாங்கினார்கள். மாஸ்டர் ‘ஒன்மோர்’ சொல்லவில்லை. அவர்களோடு மணலில் உட்கார்ந்து புளிசோறு தின்றார்.

படத்தைப் போட்டுப் பார்த்த முதலாளி அந்தக் காட்சியைத் தூக்கச் சொன்னார்.

“போலீஸ் பயப்படறதாவது! வெள்ளைக்காரன் இருந்தா சரி. இப்போ நம்ம போலீஸ்யா!”

“அடிபட்டவன் யார் ஆளு?” என்றார் மாஸ்டர்.

“சென்ஸார்ல நீர் வந்து பதில் சொல்வீரா?”

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்நியன் வெட்டினால் அடக்குமுறை. நம்மவன் வெட்டினால் நிர்வாகமா? இத்தனைக்கும் சென்ஸாரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. படம் அங்கே போகவே இல்லை. தடி ஓங்கும் முன்பே முதலாளி படுத்துவிட்டார். பட்டினப்பாக்கத்தாராவது பிரியாணிக்காகப் படுத்தார்கள். இவர் எதற்காகப் படுத்தார்?

மாஸ்டர் அன்றே வேலையை விட்டு ஊருக்குப் போனார். சென்னையில் படம் வந்தபோது, தடியடி இருந்த இடத்தில் ஒரு படகுப் பாட்டு இருந்தது.

தலைச்சேரியில் ஒரு கொட்டகையில் அந்தக் காட்சியோடு படம் ஓடியதாகவும், ஜனங்கள் எழுந்து நின்று பார்த்ததாகவும், மாஸ்டர் கடைசி வரிசையில் இருந்ததாகவும் ஓர் அன்பர் பிற்பாடு சொன்னார். எந்தக் கொட்டகை, எந்தத் தேதி என்று அவருக்குத் தெரியவில்லை. பலரை விசாரித்தும் எனக்கு அகப்படவில்லை. ஊர்ஜிதமாகாத தகவல் என்றே பதிகிறேன். வேறு எதைத் தவறென்று காட்டினாலும் உடனே திருத்திக்கொள்வேன். இதை மட்டும் யாரும் வந்து பொய்யென்று சொல்லிவிடக் கூடாதே என்றிருக்கிறது.